தண்ணீரில் கண்டம் உள்ளவர்கள்

1

இன்று ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் இந்நேரம் இருட்டியிருக்கும். கூட்டம் கலைந்து, படித்துறைகளில் பூவும் மஞ்சளும் ஒட்டிக் கிடக்கும். எனக்கு இங்கே காலை. மேரிலாந்தில், எங்கள் ஊர் நிர்வாகம் நடத்தும் நீச்சல் குளத்தின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

பக்கத்து நாற்காலியில் டெனீஸ். எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர், நர்ஸ், கறுப்பினத்தவர். அவருடைய மகன் ஐசாயாவுக்கும் எங்கள் மகள் மகிழுக்கும் ஒரே வயது, ஏழு. மகிழ் போன மாதம் தேறிய பரீட்சை ஐசாயாவுக்கு இன்று. சட்டை, கால்சட்டையோடு ஆழமான பக்கத்தில் குதிக்க வேண்டும். மேலே வந்து மல்லாந்து மிதக்க வேண்டும். பிறகு தானே ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். அவன் முறை வர இன்னும் நேரமிருக்கிறது. டெனீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பேச்சுக் கொடுத்தால் பதில் வருகிறது, கண் மட்டும் தண்ணீரை விட்டு அசைவதில்லை.

எனக்குத் தேதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. வீட்டில் கேலி செய்வார்கள். போன வருஷ ஆடிப் பதினெட்டைக் குறித்து வைக்கத் தேவையே இருக்கவில்லை, அது தானாகவே நிற்கிறது. அன்று ஸ்ரீரங்கத்தில் நடந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் இங்கே நடந்ததையும் ஊரில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2

டெனீஸோடு சரியாகப் பேசிப் பழகியது ஒரு பிறந்தநாள் விழாவில். இங்கே கோடையில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் குளத்தங்கரையில் வைத்துவிடுவார்கள். கேக் ஒரு மேசையில், பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில். அன்று தண்ணீரில் இறங்காத பிள்ளைகள் இரண்டே பேர். ஒன்று மகிழ். அவள் மணிக்கட்டு என் கையில் இருந்தது. இன்னொன்று ஐசாயா. அவன் மணிக்கட்டு டெனீஸ் கையில். வேலியை ஒட்டி, தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"உனக்கும் தெரியாதா?" என்று கேட்டார். (டெனீஸ் பேசியதை எல்லாம் நம் பேச்சில் எழுதுகிறேன். அவர் குரல் எனக்கு இப்போது அப்படித்தான் கேட்கிறது.)

"தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது."

"எங்க வீட்டுலயும் யாருக்கும் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியாது, அதனால எனக்குத் தெரியாது."

அவருடைய அப்பா வளர்ந்தது மிசிசிப்பியில், ஒரு சிறு நகரத்தில். ஊர்ப் பொதுக்குளத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் குளிக்கலாம். கறுப்புப் பிள்ளைகளையும் விட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஊர்க்காரர்கள் குளத்தையே மண் போட்டு மூடிவிட்டார்களாம். யாருக்கும் வேண்டாம் என்று. அந்த ஊரில் மட்டும் அல்ல, தென் மாநிலங்களில் பல ஊர்களில் அப்படி நடந்திருக்கிறது. நான் பிறகு தேடிப் படித்தேன். குளம் இல்லாத பிள்ளைகளுக்கு ஆறும் குட்டையும்தான் மிச்சம். அங்கே சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, செத்தவர்கள் உண்டு. ஆகவே பெற்றவர்கள் பிள்ளைகளிடம் சொன்ன ஒரே பாடம், தண்ணீர்ப் பக்கம் போகாதே. மூன்று தலைமுறையாக அந்தப் பாடம் மாறவில்லை. இன்றும் இந்த நாட்டில் நீரில் மூழ்கும் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு அதிகம். டெனீஸ் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் அப்படிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார்.

எங்கள் கதையைக் கேட்டார். எங்கள் ஊர் ஒரு தீவு, இந்தப் பக்கம் ஒரு ஆறு, அந்தப் பக்கம் ஒரு ஆறு என்றேன். "ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டா நீந்தத் தெரியாது?" என்று சிரித்தார்.

3

அதற்குப் பதில் அன்று சொல்லவில்லை. நீளமான பதில்.

நான் பிறப்பதற்கு முன்பே என் சித்தப்பா ஒருவர் கொள்ளிடத்தில் போய்விட்டார். மணல் அள்ளிய பள்ளம். மேலே முழங்காலளவு தண்ணீர்தான் தெரியுமாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளின் ஜாதகத்தில் எல்லாம் தண்ணீரில் கண்டம் இருந்தது. எனக்கு, என் அக்காவுக்கு, அக்கா மகனுக்கு. ஜோசியர்கள் மாறினார்கள், கண்டம் மாறவில்லை. ஜாதகம் எழுதக் கொடுக்கும்போதே வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து உறைத்தது. கேட்ட கேள்விக்கு ஜோசியர் பதில் எழுதினார். தெருவில் மற்ற பிள்ளைகள் வாய்க்காலில் குதிக்கும்போது நாங்கள் கரையில் அவர்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தோம்.

மகிழ் இங்கே பிறந்தாள். பிறந்த நேரத்தை வாங்கி ஸ்ரீரங்கத்தில் அக்காதான் ஜோசியரிடம் ஜாதகம் கணித்து வாங்கி அனுப்பினாள். பன்னிரண்டு வயது வரை தண்ணீரில் கண்டம்.

பிறந்தநாள் விழா முடிந்த வாரம் டெனீஸ் எங்கள் கதவைத் தட்டினார். நிர்வாகக் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் ரெனே என்ற பெண் கறுப்பினத்தவர். "விசிலைக் கழுத்துல போட்டுக்கிட்டு நம்ம ஆளு ஒருத்தி குளத்தங்கரையில நிக்கறதை என் வாழ்க்கையில இப்பத்தான் பாக்கறேன். நான் ஐசாயாவைச் சேக்கப் போறேன். நீயும் வா. தனியாப் போகப் பயமா இருக்கு."

அடுத்த நாள் ஊர் நிர்வாக அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். இந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்பதற்குச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, தடுப்பூசிச் சான்று என்று கேட்டார்கள். என் மின் கட்டண ரசீதில் என் பெயரையும் அப்பா பெயரையும் முன்பின்னாக அச்சிட்டிருந்ததால் நானும் என் அப்பாவும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. விண்ணப்பத்தில், குழந்தையைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டிய அபாயம் ஏதேனும் உண்டா என்று ஒரு கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். செல்வி, என் மனைவி, என் கையிலிருந்து பேனாவை வாங்கி 'இல்லை' என்று எழுதினாள்.

4

அக்காவுக்குத் தெரிந்ததும் போன் வந்தது. "முரளி, கண்டம்னு எழுதியிருக்குற புள்ளையக் கொண்டுபோய் தண்ணியிலயே போடுறியாடா? புத்தி இருக்கா?" அது முதல் ஆட்சேபம். இரண்டாவது ஆட்சேபத்தையும் அதே மூச்சில் சொன்னாள். "வெயில்ல ஊறினா புள்ள கறுத்துப் போயிடும். நாளைக்கு நீதான் அலையணும்."

மறுநாள் குளத்தங்கரையில் டெனீஸ், உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கண்டத்தைப் பற்றி விளக்கினேன். வேறென்ன என்றார். வேறொன்றுமில்லை என்றேன். செல்விதான் சொன்னாள், மகிழ் கறுத்துவிடுவாளாம் என்று. எனக்குக் காது சூடானது.

டெனீஸ் செல்வியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்க அக்காகிட்டச் சொல்லு. நான் நாப்பது வருஷமாக் கறுப்பா இருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு தன் வீட்டு ஆட்சேபத்தையும் சொன்னார். தங்கைக்கு மூன்று பெண்கள். மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பின்னிய தலைமுடி குளோரின் தண்ணீரில் பாழாகிவிடும் என்று சேர்க்கவே மறுக்கிறாளாம். ஐசாயாவைச் சேர்த்ததற்கும் கேலி, நம் ஜனங்களுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று. எங்கள் அக்காவும் இவர் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பேச வைத்திருந்தால் நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

அக்காவிடம் அதன் பிறகு வகுப்பைப் பற்றி நாங்கள் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் முதலில் நீச்சலே இல்லை. ரெனே பிள்ளைகளை மல்லாந்து படுக்க வைத்தார், அவ்வளவுதான். காது நனைய வேண்டும், வயிறு வானத்தைப் பார்க்க வேண்டும், கை விரிய வேண்டும். விழுந்தால் முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். மகிழ் வீட்டுத் தரையிலும் அப்படிப் படுத்துப் பழகினாள். அவளுக்கு மிதப்பது என்ற சொல் தெரியாது. தமிழில் நான் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டாள். நட்சத்திரம் மாதிரிப் படுக்கிறேன் என்பாள்.

பெற்றோர்களையும் ரெனே ஒரு நாள் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். பிள்ளை விழுந்தால் நீந்தத் தெரியாதவர்கள் குதிக்கவே கூடாது. மிதக்கும் எதையாவது எறியுங்கள், எட்டுவதை நீட்டுங்கள். எங்களுக்கு அது அவமானமாக இருந்தது. செல்வி மட்டும் கவனமாகக் கேட்டாள்.

ஏப்ரலில் ஐசாயா ஒரு வகுப்பில் தண்ணீரை விழுங்கிப் புரையேறி இருமினான். ரெனே உடனே தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டெனீஸ் துண்டைச் சுற்றி அவனைக் காருக்குக் கொண்டு போனவர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் கேட்டதற்கு, வேலை நேரம் மாறிவிட்டது என்றார். ஜூலையில் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் வரை அவன் வரவில்லை.

5

போன வருஷம் ஆடிப் பதினெட்டு சனிக்கிழமை வந்தது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பு தாண்டி, காவிரி, கொள்ளிடம் இரு ஆறும் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மகிழுக்கு அது முதல் ஆடிப்பெருக்கு. அக்கா அவளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருந்தாள்.

அக்கா இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். கண்டம் கழிக்க ஜோசியரிடம் கேட்டு வந்திருந்தாள். காவிரித் தண்ணீரை மூன்று தரம் பிள்ளை தன் கையால் அள்ளி விட்டு, தாயே காப்பாற்று என்று கும்பிட வேண்டும். காவிரிப் படித்துறையில் கூட்டம், போலீஸ் தடுப்பு. அதனால் அக்கா தேர்ந்தெடுத்தது ஊருக்கு ஓரத்தில் ஒரு வாய்க்கால். அதுவும் காவிரித் தண்ணீர்தான், இடுப்பளவுதான் ஓடும் என்றாள். அவள் சொன்னது வேறு மாதத்துக் கணக்கு. அன்று படியில் நாலு மட்டுமே வெளியே தெரிந்தது.

நான் தடுக்கவில்லை. மூன்று கை தண்ணீர், ஒரு நிமிஷ வேலை, அக்காவுக்கு நிம்மதி.

அக்கா மகிழின் கையைப் பிடித்துக் கடைசிப் படிக்குக் கூட்டிப்போனாள். மகிழ் குனிந்து முதல் கையை அள்ளி விட்டாள். இரண்டாவதை அள்ள இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அக்கா கையை விட்டாள். படியில் பாசி. மகிழ் சத்தம் இல்லாமல் போனாள். தண்ணீர் அவளைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா கத்தவில்லை. வாயைத் திறந்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள் செல்வி. "எறங்காதீங்க. ரெண்டு பேரை யாரு தூக்குவா?" சொல்லிக்கொண்டே கரையில் யாரோ வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வீசினாள். அது மகிழுக்கு எட்டாமல் முன்னே போய்விட்டது.

தலை ஒரு தரம் உள்ளே போனது. பிறகு பட்டுப்பாவாடை உப்பி மேலே வந்தது, அதற்கு நடுவில் முகம். மல்லாந்திருந்தாள். கை இரண்டும் விரிந்திருந்தன. வாய் மூடியிருந்தது, கண் திறந்திருந்தது. தண்ணீர் அவளைக் கொண்டுபோனது, ஆனால் மேலே வைத்துக் கொண்டுபோனது. நாங்கள் கரையோடு ஓடினோம். "அப்படியே படு, அப்படியே படு" என்று செல்வி சொல்லிக்கொண்டே ஓடினாள். வாய்க்கால் திரும்பும் இடத்தில் இன்னொரு படித்துறை. அதைப் பார்த்துவிட்டாளோ என்னவோ, மகிழ் புரண்டு காலை உதைத்தாள். நாலைந்து உதை. அங்கே துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் கையை நீட்டி, கிடைத்த ஜடையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

மகிழ் இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். அழுகை நின்றதும் என்னிடம் சொன்னது இது, தமிழிலேயே: "அப்பா, இந்தத் தண்ணி நகருது. நம்ம பூல்ல நகராது. மிஸ் ரெனே இதைச் சொல்லவே இல்ல." புகார் சொல்லும் குரல். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

துவைத்த அம்மாள் பாவாடையைப் பிழிந்துகொண்டே, "நீச்சல் தெரிஞ்ச புள்ளைங்க. இல்லாட்டி என் கைக்கு வந்திருக்காது" என்றார். அக்கா அதைக் கேட்டாள். மறுக்கவில்லை.

டாக்டரிடம் காட்டி, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வீடு திரும்பினோம். அதுவரை வாய் திறக்காத அக்கா, வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டாள். எல்லோரிடமும் ஒரே செய்தி: கண்டம் கழிந்துவிட்டது. எழுதியிருந்தபடி வந்தது, வந்தபடி போயிற்று. செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கண் காட்டினேன். அன்றைக்கு யாருக்கு எந்தக் கணக்கு வேண்டுமோ வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

போன் எல்லாம் முடிந்த பின் அக்கா மெதுவாகக் கேட்டாள், அந்த மல்லாந்து படுக்கிறதை எத்தனை நாளில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று. அக்கா பேரனுக்கு நாலு வயது, திருச்சி மன்னார்புரத்தில் இருக்கிறான்.

"அதான் கண்டம் கழிஞ்சிடுச்சே அண்ணி, இனிமே எதுக்கு?" என்றாள் செல்வி.

"இவளுக்குக் கழிஞ்சிடுச்சுடி. அவனுக்கு இன்னும் கழியலையே."

பேரனை அடுத்த மாதமே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

6

அன்றே டெனீஸுக்கும் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நர்ஸ் கேட்கும் கேள்விகளை எல்லாம் முதலில் கேட்டார். பிறகு, உடுப்போடா என்றார். உடுப்போடுதான், அதுவும் பட்டு என்றேன். யார் இறங்கித் தூக்கியது என்றார். யாரும் இறங்கவில்லை, அவளாகவே ஓரத்துக்கு வந்தாள் என்றேன்.

"நீ எங்க இருந்த?"

"கரையில."

"நானும் கரையிலதான் நிக்கப் போறேன், முரளி. இல்லையா? அவனுக்கு ஏதாவது ஆனா நானும் கரையிலதான் நிப்பேன்" என்றார். வேலை நேரம் மாறவே இல்லை என்றும் சொன்னார்.

அந்த வாரமே ஐசாயா வகுப்புக்குத் திரும்பினான். ஈரத் தொப்பியோடு அவன் படம் ஒன்று எங்கள் விமானம் ஏறும் முன்பே போனுக்கு வந்துவிட்டது.

இப்போது டெனீஸ் தன் தேவாலயத்தில் வழிபாடு முடிந்ததும் பிள்ளைகள் வைத்திருக்கும் தாய்மார்களைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு முறை நானும் கூட இருந்தேன். நம்மைத் தண்ணீரிலிருந்து விலக்கியவர்கள் வேறு ஆட்கள், அந்தப் பயத்தை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். விலக்கி வைத்தால் பத்திரம் என்பது வீட்டுக்குள்தான் செல்லும், பிறந்தநாள், ஹோட்டல், பள்ளிச் சுற்றுலா எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது, நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்றார். உங்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது. வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள் என்றும் சொன்னார். முடியைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்ணிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாக, "முடியை நான் பின்னி விடறேன். பிள்ளையைச் சேருங்க" என்றார். பயம் சின்ன வயதில் இன்னும் உள்ளே இறங்கியிருக்காது, அதனால் சீக்கிரம் சேருங்கள் என்பது அவர் முடிவுரை. வகுப்புக்குப் போன பிள்ளையையும் தண்ணீரில் தனியாக விடக்கூடாது என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறார்.

திருச்சியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊர் வேறு, காரணம் வேறு. டெனீஸ் வீட்டாரைத் தண்ணீரிலிருந்து விலக்கியது ஒரு ஊரின் வெறுப்பு. எங்களை விலக்கியது எங்கள் வீட்டின் ஒரு சாவு. இரண்டும் பிள்ளைகளிடம் வந்து சேரும்போது ஒரே மாதிரிதான் இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐசாயாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பேனாவை மூடினேன். மீதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

சட்டை, கால்சட்டையோடு ஆழமான ஓரத்தில் நின்றான். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ரெனே தண்ணீருக்குள்ளேயே, கை எட்டும் தூரத்தில் இருந்தார். மகிழ் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் குதித்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. டெனீஸ் எழுந்துவிட்டார், ஆனால் ஓடவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே வந்தான். மல்லாந்தான், கையை விரித்தான். சட்டை காற்றடைத்து மேலே எழும்பி நின்றது. ரெனே வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார். ஐசாயா புரண்டு, அழகே இல்லாமல், நிறையத் தண்ணீர் தெறிக்க உதைத்துக்கொண்டு வந்து ஓரத்தைப் பிடித்தான்.

டெனீஸ் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாய்ந்தது. இத்தனை மாதத்தில் அவர் அந்த நாற்காலியில் சாய்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"என் தங்கையோட கடைசிப் பொண்ணுக்கு மூணு வயசு. நேத்து போன் பண்ணினா. மூணு வயசுல சேத்துக்குவாங்களான்னு கேக்கறா."

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து ரெனேவிடம் போய்விட்டார்.